பன்மொழித் தளத்தில் மொழிவாரி டொமைன் உள்ளீட்டைச் சரிபார்ப்பது: முழுமையான வழிகாட்டி

ஒரே தளம், மூன்று மொழி, மொழிக்கு ஒரு டொமைன். தளங்களை நிர்வகிக்கும் மென்பொருள்களான ட்ருப்பல், வேர்ட்பிரஸ், டைப்போ3 என்று எதை எடுத்தாலும் இதற்கு ஓர் அமைப்புப் பக்கம் உண்டு. ஒவ்வொரு மொழிக்கு எதிரிலும் டொமைன் பெயர் எழுத ஒரு பெட்டி இருக்கும். பார்க்கச் சாதாரணப் பெட்டிதான். ஆனால் அதில் தவறான பெயர் ஒன்று சேமிக்கப்பட்டுவிட்டால், அந்த மொழியின் லிங்க்குகள் எல்லாம் இல்லாத முகவரிக்குத் திரும்பிவிடும். அது தளத்தின் இயல்பு (டிஃபால்ட்) மொழியாக இருந்தால் நிர்வாகப் பக்கத்தின் லிங்க்குகளும் கூடவே போய்விடும். சரிசெய்ய உள்ளே போகலாம் என்றால் வழியே இருக்காது.

நீங்கள் சொந்தமாக ஒரு பன்மொழி மென்பொருளோ நீட்சியோ எழுதினாலும், இருப்பதைத் திருத்தினாலும், இந்தப் பெட்டிக்கான சரிபார்ப்பை என்ன வரிசையில் செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம். புதிதாக வருபவர்களுக்குச் சோதனைகள் பெரும்பாலும் தெரிந்தே இருக்கின்றன. வரிசையை மாற்றிப் போடுவதால்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முன்னதாகத் தேவைப்படுபவை

சர்வதேச டொமைன் பெயர்களைக் கையாளும் நூலகம் ஒன்று வேண்டும். பிஎச்பியில் இன்டிஎல் நீட்சி போதும். பைத்தானில், மொழியோடு வரும் ஐடிஎன்ஏ (சர்வதேச டொமைன் பெயர்களுக்கான விதித்தொகுப்பு) குறியாக்கி 2003ஆம் ஆண்டின் பழைய விதிகளைப் பின்பற்றுவது. 2008 விதிகளுக்கு அதே பெயரில் தனியாகக் கிடைக்கும் பேக்கேஜை நிறுவிக்கொள்ளுங்கள். ஏன் என்று 5ஆம் படியில் சொல்கிறேன்.

அப்புறம், சர்வரில் கட்டளை வரியில் நுழையும் அனுமதி. இது இல்லாமல் நேரலைத் தளத்தில் டொமைன் அமைப்பைத் தொடவே தொடாதீர்கள்.

1. பெட்டி எதைக் கேட்கிறது என்று முடிவு செய்யுங்கள்

வெறும் ஹோஸ்ட் பெயரா, முழு முகவரியா? மென்பொருளுக்கு மென்பொருள் இது மாறும். ட்ருப்பலின் மொழி கண்டறியும் அமைப்பு வெறும் பெயரை மட்டும் ஏற்கும். எச்டிடிபிஎஸ், போர்ட் எண், கடைசிச் சாய்கோடு எதுவும் கூடாது. வேர்ட்பிரஸுக்கான பாலிலாங் நீட்சி முழு முகவரியைக் கேட்கும். டைப்போ3இல் மொழியின் அடிப்படை முகவரியாக முழு முகவரியையும் தரலாம், வெறும் பாதையையும் தரலாம். ஒன்றில் பழகியவர் இன்னொன்றுக்கு வரும்போது பழைய வழக்கப்படியே எழுதுவார். அது அவருடைய தவறு இல்லை, பெட்டி சொல்லவில்லை.

என் பரிந்துரை வெறும் ஹோஸ்ட் பெயர்தான். காரணம், வரும் கோரிக்கையின் ஹோஸ்ட் தலைப்போடு (எந்தத் தளம் வேண்டும் என்று உலாவி சொல்லி அனுப்பும் பெயர்) ஒப்பிட்டுத்தான் மொழி தீர்மானமாகிறது. ஒப்பிடப்போவதை மட்டும் சேமித்தால் பின்னால் குழப்பம் இல்லை. எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா, எந்தப் போர்ட் என்பதை நடப்புக் கோரிக்கையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

முடிவு செய்ததும் பெட்டிக்குக் கீழே ஒரு மாதிரியைக் காட்டுங்கள். ‘எடுத்துக்காட்டு.இந்தியா’ என்று ஒரு வரி போதும். ஒரு பக்க விளக்கத்தை விட அந்த ஒரு வரிதான் படிக்கப்படும்.

2. எப்போது சரிபார்ப்பது என்று வரையறுங்கள்

பெரும்பாலான மென்பொருள்களில் மொழியைப் பிரிக்க இரண்டு வழிகளாவது இருக்கும்: பாதையில் முன்னொட்டு, அல்லது தனி டொமைன். டொமைன் வழி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும்போது மட்டும் டொமைன் பெட்டிகளைக் கட்டாயமாக்குங்கள். இந்த நிபந்தனையை மறந்தால், முன்னொட்டு வழிக்குத் திரும்ப நினைக்கும் நிர்வாகி, திரையில் தெரியாத ஒரு காலிப் பெட்டிக்காகத் தடுக்கப்படுவார். பிழைச் செய்தி ஒன்று வரும், ஆனால் நிரப்பப் பெட்டி இருக்காது.

இயல்பு மொழிக்குப் பெட்டியைக் காலியாக விடலாமா? விடக் கூடாது என்பேன். காலியாக இருந்தால், வேறு மொழிப் பக்கத்திலிருந்து இயல்பு மொழிக்குப் போகும் லிங்க் எந்த டொமைனில் அமைய வேண்டும் என்று மென்பொருளுக்குத் தெரியாது. நடப்பு டொமைனையே வைத்துக்கொள்ளும். பயனர் சொடுக்கிய பிறகும் அதே மொழியிலேயே இருப்பார்.

3. துடைத்தெடுங்கள்

டொமைன் பெயரைப் பெரும்பாலும் யாரும் கையால் தட்டச்சு செய்வதில்லை. முகவரிப் பட்டையிலிருந்தோ, மின்னஞ்சலிலிருந்தோ, வாட்ஸ்அப்பிலிருந்தோ ஒட்டுகிறார்கள். எனவே முன்னும் பின்னும் இடைவெளி, வரி முறிவு, கண்ணுக்குத் தெரியாத சுழியகல இடைவெளி, கோப்பின் தொடக்கக் குறி எல்லாம் கூடவே வரும்.

பிஎச்பியின் வழக்கமான டிரிம் கட்டளை ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதி) இடைவெளிகளை மட்டுமே நீக்கும். யூனிகோட் இடைவெளிகளையும் சுழியகலக் குறிகளையும் நீக்கத் தனியாக எழுத வேண்டும். எதிரே பார்த்தால் பெயர் சரியாகத்தான் இருக்கும், மென்பொருள் மட்டும் ‘தவறு’ என்று அடம்பிடிக்கும். இந்தப் புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஓரங்களில் இருப்பதை மட்டும் நீக்குங்கள். பெயருக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத குறி இருந்தால் இப்போதைக்கு விட்டுவையுங்கள். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அது வேண்டுமென்றே போடப்பட்டதாகவும் இருக்கலாம்.

கடைசியில் ஒற்றைப் புள்ளி இருந்தால் எடுத்துவிடலாம். டொமைன் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் முறைப்படி, புள்ளியோடு முடியும் பெயரும் முடியாத பெயரும் ஒரே ஹோஸ்ட்டையே குறிக்கும்.

4. ஒட்டிக்கொண்டு வந்த பாகங்களைப் பிரியுங்கள்

அடுத்து எச்டிடிபிஎஸ், பாதை, போர்ட். இங்கே எதை அமைதியாகத் திருத்துவது, எதைத் தடுப்பது என்ற கோடு முக்கியம்.

முன்னால் உள்ள எச்டிடிபிஎஸ்ஸையும் கடைசியில் உள்ள ஒற்றைச் சாய்கோட்டையும் மென்பொருளே நீக்கலாம். நீக்கியதைச் சேமித்த பின் வரும் செய்தியில் சொல்லிவிட வேண்டும். நிர்வாகி மனதில் நினைத்ததும் நாம் சேமிப்பதும் ஒன்றே என்பதால் இதில் தீங்கில்லை. ட்ருப்பல் இன்னும் கண்டிப்பானது, இதற்கே பிழை காட்டும். அதுவும் நியாயமான முடிவே.

பாதையையோ போர்ட் எண்ணையோ அமைதியாக வெட்டவே கூடாது. டொமைனுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ‘தமிழ்’ என்று ஒருவர் எழுதியிருந்தால், அந்தப் பாதையில்தான் தமிழ்ப் பக்கங்கள் வரும் என்று அவர் நம்புகிறார். வெட்டிச் சேமித்துவிட்டு ‘வெற்றி’ என்று காட்டினால் அவரைத் தவறான நம்பிக்கையோடு அனுப்பிவைக்கிறோம். பிழை காட்டி நிறுத்துங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ட்ருப்பல் பின்பற்றும் வழி எளிது, நம்பகமானது. உள்ளீட்டுக்கு முன்னால் எச்டிடிபியைச் சேர்த்து ஒரு முழு முகவரியாக்குகிறது. அதை முகவரிப் பகுப்பியிடம் கொடுத்து ஹோஸ்ட் பாகத்தை மட்டும் எடுக்கிறது. அது முதலில் கொடுத்த மதிப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. பாதை, போர்ட், கேள்விக்குறி, பயனர் பெயரும் அட் குறியும் என்று எது கூடுதலாக இருந்தாலும் இரண்டும் ஒத்துப்போகாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டியதில்லை.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு: முன்னால் எச்டிடிபி சேர்க்காமலேயே பகுப்பியிடம் கொடுப்பது. அப்போது பிஎச்பியின் பகுப்பி மொத்தப் பெயரையும் பாதை என்று எடுத்துக்கொள்ளும், ஹோஸ்ட் காலியாக வரும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: பகுப்பியின் வேலை பிரிப்பது மட்டும்தான். பிரிந்து வந்த ஹோஸ்ட் செல்லத்தக்க பெயர்தானா என்று அது சொல்லாது.

5. பியூனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள்

பன்மொழித் தளம் என்றால் டொமைனும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது பெரிய பிழை. டாட் இலங்கை, டாட் இந்தியா, டாட் சிங்கப்பூர் ஆகிய மூன்றும் தமிழ் எழுத்திலேயே உயர்நிலை டொமைன்களாக 2010, 2011ஆம் ஆண்டுகளிலிருந்து உள்ளன. தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழ் டொமைன் வைக்க நினைப்பவரை உங்கள் பெட்டி தடுக்கக் கூடாது.

டிஎன்எஸ் அமைப்பில் இந்தப் பெயர்கள் பியூனிகோட் என்ற ஆஸ்கி வடிவத்தில்தான் உள்ளன. எக்ஸ், என் என்ற இரு எழுத்துகள், அடுத்து இரட்டைக் கோடு, பிறகு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரம். உலாவி அனுப்பும் ஹோஸ்ட் தலைப்பிலும் இதுவே வரும். நீங்கள் யூனிகோட் வடிவத்தைச் சேமித்து ஹோஸ்ட் தலைப்போடு நேரடியாக ஒப்பிட்டால் ஒருநாளும் பொருந்தாது. தமிழ் டொமைனில் வருபவருக்கு இயல்பு மொழிப் பக்கமே தெரியும்.

அதனால் வடிவச் சோதனைக்கும் ஒப்பீட்டுக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். இந்த வரிசைக்கு மூன்று காரணங்கள்.

முதலாவது, நீளம். டிஎன்எஸ்ஸில் புள்ளிகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு பகுதிக்கும் 63 எழுத்து வரம்பு, முழுப் பெயருக்கு 253. இந்த வரம்பு பியூனிகோட் வடிவத்துக்கானது. ‘இந்தியா’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, யூனிகோடில் 7 குறியீடுகள், யுடிஎஃப்-8இல் 21 பைட், பியூனிகோடில் 17 எழுத்து. எதை எண்ணுவது என்ற குழப்பமே வேண்டாம். மாற்றிய பிறகு எண்ணுங்கள்.

இரண்டாவது, ஒரே தோற்றம் வெவ்வேறு குறியீடுகள். ‘கொ’ என்பதை ஒற்றை உயிர்மெய்க் குறியாலும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். யூனிகோட் இவ்விரண்டையும் சமமாக வரையறுத்திருக்கிறது. மாற்றும் நூலகம் முதலில் இயல்பாக்கம் செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். பெரிய, சிறிய ஆங்கில எழுத்து வேறுபாடும் இதிலேயே தீர்ந்துவிடும்.

ஆனால் ‘கௌ’ கதை வேறு. ஔகாரக் குறியோடு எழுதிய ‘கௌரி’யும், ஒற்றைக்கொம்பு போட்டு அடுத்து ள என்ற எழுத்தைத் தட்டிய ‘கெளரி’யும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரியும். இவை இரண்டும் யூனிகோடுக்கு வெவ்வேறு சொற்கள். எந்த இயல்பாக்கமும் ஒன்றாக்காது. பியூனிகோட் வடிவம் மாறிவிடும், டொமைனும் வேறாகிவிடும். எழுத்துகள் எல்லாம் தமிழே என்பதால், வேறு எழுத்துமுறை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையிலும் சிக்காது. 8ஆம் படியில் வரும் வெளிச்சோதனையில்தான் பிடிபடும். அதனால்தான் அந்தப் படியை விட்டுவிடாதீர்கள் என்று வற்புறுத்துகிறேன்.

மூன்றாவது, 3ஆம் படியில் விட்டுவைத்த நடுக் குறிகள். மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பின் கூட்டெழுத்தைத் தடுக்க இடும் சுழியகல இணைப்பு நீக்கியை 2003 விதிகள் சத்தமில்லாமல் அழித்துவிடும். 2008 விதிகள் அந்தப் புள்ளியை அடுத்து வந்தால் அனுமதித்து வைத்துக்கொள்ளும். ஆக ஒரே உள்ளீடு, இரண்டு விதிகளில் இரண்டு டொமைன். ஜெர்மன் மொழியின் எஸ்செட் எழுத்துக்கும் இதே கதி: பழைய விதி அதை இரட்டை எஸ் ஆக்கும், புதிய விதி அப்படியே வைக்கும். ஜெர்மன் பக்கத்தின் லிங்க் வேறொருவருக்குச் சொந்தமான டொமைனுக்குக்கூடப் போய்விடலாம்.

எனவே பிஎச்பியில் மாற்றும்போது யுடிஎஸ்46 (யூனிகோட் அமைப்பின் ஐடிஎன்ஏ செயல்முறை) வகையைத் தேர்ந்து, ‘இடைமாற்றமற்ற’ செயல்முறை, சூழல் சோதனை, இருதிசை சோதனை, எஸ்டிடி3 விதிகள் (ஆஸ்கியில் எழுத்து, எண், கோடு மட்டும்) ஆகிய நான்கு கொடிகளையும், அதாவது விருப்ப அமைப்புகளையும், போடுங்கள். மாற்றம் தோற்றால் நூலகம் தரும் பிழைக் குறியீட்டை எடுத்து வையுங்கள். எந்தக் காரணத்தால் தோற்றது என்பது செய்தி எழுத உதவும். இணைப்பு நீக்கி இருந்து, மாற்றமும் வெற்றி பெற்றால், தடுக்காமல் எச்சரிக்கை மட்டும் காட்டுங்கள்.

6. வடிவத்தைச் சோதியுங்கள்

இப்போது கையில் இருப்பது தூய ஆஸ்கி. சோதனை சுலபம்: ஒவ்வொரு பகுதியிலும் சிறிய ஆங்கில எழுத்து, எண், கோடு மட்டும். பகுதி கோட்டில் தொடங்கவோ முடியவோ கூடாது. காலிப் பகுதி, அதாவது இரண்டு புள்ளி அடுத்தடுத்து, கூடாது. கடைசிப் பகுதி முழுக்க எண்ணாக இருந்தால் அது ஐபி முகவரி, தடுங்கள்.

இந்தப் படியை 5ஆம் படிக்கு முன்னால் வைப்பவர்கள் ரெஜெக்ஸோடு (எழுத்து வடிவத்தைச் சோதிக்கும் சூத்திரம்) மல்லுக்கட்டுவார்கள். பார்த்தவற்றில் மிகப் பரவலானது: யூனிகோடின் ‘எழுத்து’ வகையையும் ‘எண்’ வகையையும் அனுமதித்தால் எல்லா மொழியும் தேறும் என்ற நினைப்பு. தமிழில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோடின்படி ‘எழுத்து’ வகையில் இல்லை, ‘குறி’ வகையில் உள்ளன. ‘இந்தியா’வில் இ, ந, த, ய நான்கும் தேறி, புள்ளி, இகரக் குறி, கால் மூன்றும் விழுந்துவிடும். சோதித்தவர் பிரெஞ்சு பெயரை வைத்துச் சோதித்திருப்பார். அங்கே இந்தச் சிக்கலே எழாது.

கடைசிப் பகுதிக்கு ‘இரண்டு முதல் நான்கு எழுத்து’ என்று வரம்பு வைக்கும் பழைய ரெஜெக்ஸ்களும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. டாட் சிங்கப்பூரின் பியூனிகோட் வடிவம் 22 எழுத்து. அதோடு அதில் எண்ணும் கோடும் உண்டு. ‘எழுத்து மட்டும்’ என்ற விதியும் தோற்கும்.

பிஎச்பியின் உள்ளமைந்த டொமைன் வடிகட்டியை நம்புபவர்கள் கவனியுங்கள்: ஹோஸ்ட்பெயர் கொடியைச் சேர்க்காவிட்டால் அது நீளத்தை மட்டும்தான் பார்க்கும். இடைவெளி உள்ள பெயரைக்கூட ‘சரி’ என்று விட்டுவிடும்.

புள்ளியே இல்லாத ‘லோக்கல்ஹோஸ்ட்’ போன்ற பெயர்களை வளர்ச்சிச் சூழலில் மட்டும் அனுமதியுங்கள்.

7. பெயர்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பாருங்கள்

இரண்டு மொழிக்கு ஒரே டொமைன் கொடுத்தால் பட்டியலில் முதலில் பொருந்தும் மொழியே எப்போதும் வரும். இரண்டாவதை யாரும் பார்க்க முடியாது. பிழை எதுவும் பதிவாகாது என்பதால் கண்டுபிடிக்க நாள் ஆகும்.

ஒப்பிட வேண்டியது பியூனிகோட் வடிவங்களை. தட்டச்சு செய்த வடிவத்தை ஒப்பிட்டால், ஒரு மொழிக்குத் தமிழில் எழுதிய பெயரும் இன்னொரு மொழிக்கு அதன் பியூனிகோட் வடிவமும் வெவ்வேறு என்றே தெரியும்.

ஒப்பிடும் இடமும் முக்கியம். ஃபார்மில் இப்போது சமர்ப்பித்த மதிப்புகளை அவற்றுக்குள்ளேயே ஒப்பிடுங்கள், டேட்டாபேஸில் இருப்பதோடு அல்ல. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் டொமைன்களை இடம் மாற்ற நினைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை வரிசையாக டேட்டாபேஸோடு ஒப்பிட்டால் இரண்டு பெட்டியும் ‘ஏற்கெனவே உள்ளது’ என்று சொல்லும். மாற்றவே முடியாது. தற்காலிகமாக ஒரு போலிப் பெயரைப் போட்டு மாற்றும் வழியை நிர்வாகிகள் கண்டுபிடித்துவிடுவார்கள்; அந்தப் போலிப் பெயர் நேரலையில் சில நிமிடம் இருக்கும்.

முடக்கி வைத்த மொழிகளையும் ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் அவற்றை இயக்கும்போது மோதல் வரும். அந்தத் திரையில் டொமைன் பெட்டி இருக்காது.

8. வெளியே போய்ச் சோதியுங்கள், ஆனால் தடுக்காதீர்கள்

பெயர் இலக்கணப்படி சரி என்பதால் அது உங்கள் தளத்துக்கு வந்து சேர்கிறது என்றாகிவிடாது. மூன்று கேள்விகள்: டிஎன்எஸ்ஸில் பெயர் இருக்கிறதா? எச்டிடிபிஎஸ் சான்றிதழ் அந்தப் பெயரை உள்ளடக்குகிறதா? அங்கே பதில் சொல்வது இதே தளம்தானா?

மூன்றாவதற்கு நல்ல வழி, தற்செயலான ஒரு குறிச்சொல்லை உருவாக்கி, அந்த டொமைனில் குறிப்பிட்ட முகவரியைக் கேட்டு, அதே சொல் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. ‘கெளரி’ போன்ற பெயர்கள் இங்கேதான் மாட்டும். சான்றிதழில் ஒன்றைக் கவனியுங்கள்: நட்சத்திரக் குறிச் சான்றிதழ் ஒரே ஒரு மட்டத்தை மட்டுமே காக்கும். துணை டொமைனுக்குள் இன்னொரு துணை டொமைன் வைத்தால் அது செல்லாது.

இதன் முடிவைப் பிழையாக்காமல் எச்சரிக்கையாகவே காட்டுங்கள். டிஎன்எஸ் மாற்றம் பரவும் முன்பே அமைப்பைத் தயார் செய்பவர் உண்டு. சில சர்வர்கள் தம் சொந்தப் பொது முகவரியை உள்ளிருந்து அணுக முடியாதபடி இருக்கும். வெளியே எல்லாம் நன்றாக ஓடும், சோதனை மட்டும் தோற்கும். இந்த இரண்டு பேரையும் தடுப்பது நியாயமில்லை. ‘பதில் வரவில்லை, இருந்தாலும் சேமிக்கவா?’ என்று கேட்டால் போதும்.

பாதுகாப்பில் ஒரு விஷயம். பயனர் கொடுத்த பெயருக்கு உங்கள் சர்வர் தானாகக் கோரிக்கை அனுப்புகிறது. உள் வலைப்பின்னலைத் துழாவ இதையே பயன்படுத்த முடியும். பெயரை ஐபியாக மாற்றி, அது 127, 10, 192.168, 169.254 போன்ற உள் வரம்புகளில் இருந்தால் விட்டுவிடுங்கள். ஐபிவி6இன் உள் வரம்புகளையும் சேர்த்துப் பாருங்கள். கோரிக்கையைச் சோதித்த அதே ஐபிக்கே அனுப்புங்கள், திசைதிருப்பலைப் பின்தொடராதீர்கள், சில நொடிகளில் நின்றுவிடும்படி கால வரம்பு வையுங்கள்.

9. பிழைச் செய்தி

எந்த மொழியின் பெட்டி, என்ன எழுதப்பட்டிருந்தது, எது ஏற்கப்படவில்லை என்ற மூன்றும் வர வேண்டும். ‘தவறான டொமைன்’ என்ற இரண்டு சொல் செய்தி, இருபது மொழி உள்ள ஃபார்மில் எதற்கும் உதவாது. எழுதியதை அழிக்காமல் பெட்டியிலேயே விட்டுவையுங்கள். மதிப்பைச் செய்தியில் திருப்பிக் காட்டும்போது எச்டிஎம்எல் குறிகளைச் செயலிழக்கச் செய்து காட்டுங்கள்.

எல்லாப் பெட்டியின் பிழைகளையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். ஒன்றைத் திருத்தினால் அடுத்தது என்று இழுத்தடித்தால் மூன்றாம் முறையில் யாருக்கும் பொறுமை இருக்காது.

10. சேமியுங்கள், திரும்பும் வழியையும் வையுங்கள்

பியூனிகோட் வடிவத்தைச் சேமியுங்கள். காட்டும்போது யூனிகோடுக்கு மாற்றிக் காட்டி, பக்கத்தில் சிறிய எழுத்தில் பியூனிகோடையும் போடுங்கள். ஆதரவுக்கு வரும் ஒருவர் டிஎன்எஸ் பதிவோடு ஒப்பிட அதுதான் தேவை. டேட்டாபேஸ் பத்தியின் நீளத்தை 253க்குக் குறையாமல் வையுங்கள்.

சேமித்ததோடு முடியவில்லை. ட்ருப்பலில் நம்பகமான ஹோஸ்ட் பட்டியல் அமைப்புக் கோப்பில் தனியாக உள்ளது. புதிய டொமைனை அங்கே சேர்க்காவிட்டால் தளம் கோரிக்கையையே மறுத்துவிடும். உங்கள் மென்பொருளிலும் இப்படி ஒரு பட்டியல் இருந்தால், சேமித்த பின் வரும் செய்தியில் நினைவூட்டுங்கள்.

சோதனைத் தளமும் நேரலைத் தளமும் ஒரே அமைப்பைப் பகிர்ந்தால், நேரலையின் டொமைன்கள் சோதனைத் தளத்துக்கு வந்துவிடும். சோதனைத் தளத்தில் மொழியை மாற்றியவர் தனக்குத் தெரியாமலே நேரலையில் போய் நிற்பார். அங்கே எதையாவது அழித்தால் அது நிஜமாகவே அழியும். சூழலுக்கேற்ப டொமைன்களை அமைப்புக் கோப்பில் மேலெழுதிக்கொள்ளுங்கள்.

நிர்வாகி வெளியே மாட்டிக்கொண்டால் கட்டளை வரியிலிருந்து முன்னொட்டு வழிக்குத் திருப்ப வேண்டும். ட்ருப்பலில் டிரஷ் என்ற கட்டளை வரிக் கருவியால் மொழி நெகோஷியேஷன் அமைப்பில் யுஆர்எல் மூலத்தை ‘பாத் ப்ரிஃபிக்ஸ்’ ஆக மாற்றி, கேச்சைத் துடைத்தால் வழி திறந்துவிடும். நீங்கள் எழுதும் மென்பொருளிலும் இப்படி ஒரு கட்டளையைக் கொடுங்கள். சோதனைத் தளத்தில் வேண்டுமென்றே தவறான டொமைனைச் சேமித்து, அந்தக் கட்டளையால் உள்ளே திரும்ப முடிகிறது என்று பார்த்த பிறகு இந்தப் பக்கத்தை நேரலையில் விடுங்கள்.